பனிமூட்டத்தில் இறங்கிய கலைவேங்கை

நோர்வூட்டுக்கு மேலே உள்ள மேக்கணக்குத் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் பரிமளம் என்ற பெயரில் மூன்று பேர் இருக்கிறார்கள். கோழி வளர்ப்பவள் கோழிப் பரிமளம். மகன் துபாயில் இருந்ததால் இன்னொருத்தி துபாய்ப் பரிமளம். அந்த மகன் வேலை போய் வீட்டோடு வந்து உட்கார்ந்துவிட்டான் என்றாலும், கொடுத்த பட்டத்தைத் திருப்பிக் கேட்க யாருக்கும் மனம் வரவில்லை. மூன்றாமவள் கையப் புடிச்ச பரிமளம். வெளியூர்க்காரர்கள் ஏடாகூடமாக நினைத்துவிடக் கூடாது என்பதற்காக, சொல்பவர்கள் உடனே ஒரு வரி சேர்த்துக்கொள்வார்கள்: "கலைவேங்கை எழில்மாறன் கையப் புடிச்சவங்க."

எழில்மாறன் யார் என்று கேட்கிற பிள்ளைகள் இப்போது பெருகிவிட்டார்கள். அவர்களுக்கு விளக்கம் சொல்வதும் பரிமளம்தான். மதராஸ் நடிகர். ஒரு படத்தில் சிறுத்தையோடு வெறுங்கையால் சண்டை போட்டார். அந்தச் சிறுத்தைக்குள் பஞ்சு இருந்ததாக ஹட்டன் வாத்தியார் ஒருவர் எழுந்து சொன்னபோது, தியேட்டரில் அவர் மேல் கச்சான் கடலைத் தோல் பறந்தது. விறகு பொறுக்கப் போன இடத்தில் நிஜச் சிறுத்தையைக் கண்டு கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்த பெண்களே அன்றைக்கு அதிகமாகக் கைதட்டினார்கள். நேரில் பார்த்தவர்களுக்கு நம்பிக்கை அதிகம்.

அந்தத் தியேட்டரின் பெயர் ராணி மகால். நோர்வூட் கடைவீதியில், பாலத்துக்கு இந்தப் பக்கம் இருந்தது. முதலாளி செல்லசாமி. புடவைக் கடையும் அவருடையதுதான். எந்தப் புடவை சாயம் போகும் என்று அவருக்குத் தெரியும். எந்தப் படம் போகும் என்றும் தெரியும். இரண்டையும் ஒரே முகத்தோடு விற்பார். புதுப் படம் வருகிறது என்றால் ஹட்டன் ஸ்டேஷனில் ரயிலில் இருந்து இறங்கும் படப்பெட்டிக்கு மாலை போட்டு, தப்பு அடித்து, லொறியில் வைத்து ஊர்வலமாகக் கொண்டுவருவார். ஆடித் தேருக்கு விழும் கும்பிடு தகரப் பெட்டிக்கும் விழும். மதராஸில் இருந்து எழில்மாறன் கம்பெனி அவருக்குக் கட்டுக் கட்டாக நடிகரின் போட்டோ அனுப்பும். ஒவ்வொன்றிலும் "அன்புடன்" என்று கையெழுத்து இருக்கும். கையெழுத்தை அச்சில் போட்டிருந்தார்கள் என்பது நமக்குப் பிறகு தெரிந்தது. முதலாளிக்கு முதலிலேயே தெரியும்.

பரிமளத்துக்குப் பதினெட்டு வயதில் அந்த அறிவிப்பு வந்தது. ஒலிபெருக்கி கட்டிய வான் வண்டி மலை மலையாக ஏறி இறங்கிக் கத்தியது. கலைவேங்கை தமது புதுப் படத்துக்காக இலங்கை வருகிறார். கொழும்போடு நின்றுவிடாமல் நோர்வூட்டுக்கும் வருகிறார். கிழித்த டிக்கெட் துண்டுகளை எந்தத் தோட்டம் அதிகமாகச் சேர்த்துக் கொடுக்கிறதோ, அந்தத் தோட்டத்திலிருந்து ஒருவர் அவர் கழுத்தில் மாலை போடலாம், அவரோடு கைகுலுக்கலாம்.

அதற்குப் பிறகு மேக்கணக்கில் கொழுந்து எடுத்த கைகள் எல்லாம் தியேட்டர் வாசலில் தரையைத் துழாவின. மற்றவர்களுக்கு முதலிடம் கொடுத்துக் கடைசியாக வெளியே வரும் பண்பு திடீரென்று ஊருக்குள் பரவியது. கடைசியாக வருகிறவருக்குத்தான் கீழே கிடக்கும் துண்டுகள் கிடைக்கும். மேக்கணக்குத்தான் ஜெயித்தது. அதிகம் சேர்த்தவள் மீனம்மா. பரிமளத்தின் அடுத்த வீட்டுக்காரி, கூடவே கொழுந்து எடுக்கும் சேத்தாளி. புருஷன் காய்ச்சலில் கிடந்தபோதும் மூன்று தடவை அதே படத்துக்குப் போனாள். ஆனால் மாலை போடப் போகிறவள் யார் என்று திருவுளச்சீட்டுப் போட்டபோது வந்த பெயர் பரிமளம். மீனம்மா அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. அதை ஈடுகட்ட அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வருவார் என்றார்கள். விடிவதற்கு முன்பே கடைவீதி நிறைந்துவிட்டது. பொகவந்தலாவைப் பக்கமிருந்து லொறி லொறியாக வந்தார்கள். பத்து மணியானது. "ஹட்டன் வந்துட்டாரு" என்றது ஒலிபெருக்கி. பன்னிரண்டு மணியானது. "டிக்கோயா வந்துட்டாரு." இரண்டு மணிக்கு மறுபடியும் ஹட்டன் வந்துவிட்டார். டிக்கோயாவில் இருந்து ஏன் பின்னால் போனார் என்று ஒருவரும் கேட்கவில்லை. பெரிய மனிதர்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும். மாலை பரிமளத்தின் கையிலேயே வாடிக்கொண்டிருந்தது.

நான்கு மணிக்கு, அந்த மாதங்களில் எப்போதும் நடப்பதுபோல, காசல்ரீ நீர்த்தேக்கத்துப் பக்கமிருந்து பனிமூட்டம் எழுந்து வந்து கடைவீதியை மூடியது. எதிர்க் கடைக்காரன் முகம் தெரியவில்லை. சரியாக அந்த நேரத்தில் கார் வந்தது. வெள்ளைக் கோட்டும் கறுப்புக் கண்ணாடியும் வெள்ளைக் கையுறையுமாக ஓர் உயரமான உருவம் இறங்கி நின்று கையசைத்தது. பாலமே அதிர்கிறமாதிரி சத்தம். "நம்ம ஊர்க் குளிர் கலைவேங்கையோட தொண்டையப் புடிச்சிருச்சு, அவரால இன்னைக்குப் பேச முடியாது" என்று முதலாளி ஒலிபெருக்கியில் சொன்னபோது பெண்கள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நம்முடைய குளிரால் அவருக்கு இந்த நிலைமை என்று ஒரு குற்ற உணர்ச்சி.

ஊர்க்காரர்கள் பனியைச் சந்தேகப்பட மாட்டார்கள். பனிக்குள் அப்பன் வந்தால் நடையைப் பார்த்து அப்பன் என்பார்கள், தோட்டத்துத் துரை வந்தால் தொப்பியைப் பார்த்துத் துரை என்பார்கள். முகம் பார்த்துத்தான் ஆளை நம்புவேன் என்றால் மலையில் பாதி நாள் யாரோடும் பேச முடியாது. வெள்ளைக் கோட்டு வந்தது, கலைவேங்கை என்றார்கள், அவ்வளவுதான்.

பரிமளம் மாலை போட்டாள். கையுறை போட்ட கை அவள் கையைப் பிடித்தது. உருவம் குனிந்து, கட்டிய தொண்டையில், அவளுக்கு மட்டும் கேட்கிறமாதிரி சொன்னது: "அடுத்த வாட்டி வரும்போது ஒங்க வீட்டுல வந்து தேத்தண்ணி குடிக்கிறேன்."

தேத்தண்ணி என்று மதராஸ்காரர் நம்முடைய பேச்சைப் படித்துக்கொண்டு வந்திருக்கிறாரே என்று அவள் அழுதாள்.

அடுத்த சம்பளத்துக்கு ஹட்டனில் ஒரு பீங்கான் கோப்பையும் அடித்தட்டும் வாங்கினாள். ஓரத்தில் தங்கக்கோடு போட்டது. சாமி படத்துக்குக் கீழே தட்டில் வைத்தாள். அதில் யாரும் குடிக்கக் கூடாது.

ராணி மகாலில் போஸ்டர் ஒட்டும் வேலை பார்த்தவன் வீரய்யா. உயரமானவன், அதிகம் வாய் திறக்காதவன், விரல் இடுக்கெல்லாம் மாவுப் பசை காய்ந்து உரியும். அவன் ஒரு நாள் லயத்துப் பக்கம் வந்து, காகிதத்தில் சுற்றிய ஒரு வெள்ளைக் கையுறையைப் பரிமளத்திடம் நீட்டினான்.

"அவரோடதுங்க. என்கிட்டதான் இருக்கு. நீங்க வச்சிக்கிட்டா நல்லாருக்கும்னு தோணுச்சு."

"அவரா கழட்டிக் குடுத்தாரு?"

வீரய்யா சிறிது யோசித்துவிட்டு, "அவரு தந்ததுதான்" என்றான்.

பரிமளத்துக்கு அத்தை மகன் இருந்தான், அழகுமுத்து. பரிசம் போட நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் முடியாது என்றுவிட்டாள். கலைவேங்கையின் பக்கத்தில் நின்ற ஒருவன், அவர் கையால் ஒரு பொருள் வாங்கிய ஒருவன், பெண் கேட்கிறான் என்றால் அத்தை மகன் எம்மாத்திரம்? அத்தை மண்ணை வாரித் தூற்றினாள். பரிமளம் பசை வாளிக்காரனைக் கட்டிக்கொண்டாள். அழகுமுத்து பூண்டுலோயாவுக்குப் போய்ப் பலசரக்குக் கடை போட்டு மூன்று மாடி ஏற்றினான். அந்த மாடிகளை மீனம்மா பஸ்ஸில் போகும்போதெல்லாம் எண்ணிக்கொண்டு வருவாள்.

அந்தக் கல்யாணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீரய்யா அடிக்கவில்லை, அளவோடு குடித்தான், தியேட்டர் மூடியதும் தோட்டத்தில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டினான், பிள்ளைகளைப் படிக்க வைத்தான். எழில்மாறன் படம் டிவியில் போட்டால் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து முழுதாகப் பார்ப்பான். கதாநாயகியின் கையைக் கலைவேங்கை பிடிக்கும் இடத்தில் மட்டும் வெளியே எழுந்து போவான். பொறாமை என்று பரிமளம் நினைத்துக்கொண்டாள். உள்ளூர அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை. ஒரு தடவை நிமோனியா வந்து படுத்திருந்தபோது, "அந்தக் கோப்பையில ஒரு வாய் குடு புள்ள" என்று கேட்டான். பரிமளம் கொடுக்கவில்லை. "வாக்குக் குடுத்தவரு வந்து கேட்டா என்னா சொல்றது?" என்றாள். வீரய்யா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. காய்ச்சல் நடுக்கம் என்று இன்னொரு கம்பளியைப் போர்த்திவிட்டாள்.

இந்த வருஷம் ஆவணியில் எழில்மாறன் சென்னையில் இறந்துபோனார். தொண்ணூறு தாண்டிய உடம்பு.

ராணி மகால் இருந்த இடத்தில் இப்போது ராணி ரிசப்ஷன் ஹோல் என்ற கல்யாண மண்டபம் இருக்கிறது. நடத்துகிறவர் செல்லசாமியின் பேரன் தனுஷன். கார்த்திகை மழையில் கல்யாணம் குறையும் காலம் பார்த்து, "கலைவேங்கைக்கு மலையகத்தின் கண்ணீர்" என்று நினைவு விழா வைத்தார். தாத்தாவின் ரத்தம் தப்பவில்லை. மேக்கணக்குக்கு நேரில் வந்து பரிமளத்தைக் கூப்பிட்டார்.

"நீங்க இல்லாம விழாவே இல்லம்மா. ஒங்களுக்குத்தான் பொன்னாடை. அந்தக் கையுறையையும் கோப்பையையும் எடுத்துக்கிட்டு வாங்க. படத்துக்கு முன்னால வச்சிருவோம்."

"வயசான காலத்துல எனக்கெதுக்கு தம்பி மேடை" என்று பரிமளம் சொன்னாள். சொல்லிக்கொண்டே எந்தச் சேலை என்று முடிவு செய்துவிட்டாள்.

வீரய்யாதான், "மழ நாளு, எதுக்கு அவ்வளவு தூரம்" என்றான். நோர்வூட் அங்கிருந்து நடக்கும் தூரம். பரிமளம் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். இத்தனை வயதிலும் பொறாமை.

விழாவுக்கு முதல் நாள் பகலில், ராகலையில் இருந்து நல்லமுத்து அவர்கள் வீட்டுக்கு வந்து இறங்கினார். ராணி மகாலில் படம் ஓட்டிய ஒப்பரேட்டர். விழாவில் அவருக்கும் ஒரு மாலை உண்டு. லீக்ஸும் கோவாவுமாக ஒரு கூடை காய்கறி கொண்டுவந்திருந்தார். வீரய்யா பேக்கரியில் பாண் வாங்கப் போயிருந்தான். நல்லமுத்து சாமி படத்துக்குக் கீழே கோப்பையோடு இருந்த கையுறையைப் பார்த்தார், சிரித்தார்.

"இன்னமுமா வச்சிருக்கீங்க தங்கச்சி இந்தக் கையுறைய? நாந்தான் அன்னைக்கு இழுத்து மாட்டிவிட்டேன். பசை அப்பின கைய்யி, உள்ளுக்கே போகல. முதலாளி வேற 'ஏய், வெரலு தெரிஞ்சா மானம் போயிரும்டா'ங்கிறாரு."

பரிமளம் தேத்தண்ணிக்கு அடுப்பில் கேத்தலை வைத்துக்கொண்டிருந்தாள். "யாரு கைய்யி அண்ணே?"

"யாரு கைய்யா? நம்ம வீரய்யா கைய்யிதான்." நல்லமுத்துவுக்குக் காது கொஞ்சம் மந்தம்; எதிரில் இருப்பவரின் மௌனத்தையும் பேச்சாக எடுத்துக்கொள்வார். "அந்த மனுசன் எங்க இங்க வந்தாரு? கினிகத்தேனை வளைவுல ஏறும்போதே கார்ல வாந்தி. ஒரு வாந்தி ரெண்டு வாந்தி இல்ல. இதுக்கு மேல ஏறமாட்டேன், மலை வேணாம், மாலை வேணாம்னு கார திருப்பச் சொல்லிட்டாரு. போறவரு கோட்டு, கண்ணாடி, கையுறை எல்லாத்தையும் கழட்டி நம்ம முதலாளி ஆளுகிட்ட குடுத்து, 'யாரையாவது போட்டு நிக்க வைங்க, எல்லா ஊர்லயும் அப்படித்தான்'னு சொன்னாராம். காலையில பத்து மணிக்கே விசயம் தெரியும். பனி எறங்கட்டும்னுதான் முதலாளி நாலு மணி வரைக்கும் இழுத்தாரு. அளவுக்கு வீரய்யாதான் பொருந்துனான்."

கேத்தல் கொதித்தது. அதை யாரும் இறக்கவில்லை.

"அவரு கழட்டித் தந்ததுன்னுதானே இவரு சொன்னாரு" என்றாள் பரிமளம்.

"கழட்டித் தந்ததுதான். பொய்யில்லையே." நல்லமுத்து இப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தார். "என்னா தங்கச்சி, ஒங்களுக்குத் தெரியாதா? கட்டிக்கிட்ட அன்னைக்கே சொல்லிட்டான்னுல்ல நெனச்சேன். எங்க தியேட்டர் பசங்க எல்லாருக்கும் தெரியுமே."

வீரய்யா பாண் பையோடு உள்ளே வந்தான். இரண்டு முகங்களையும் பார்த்தான். பாணை மேசையில் வைத்துவிட்டு நின்றான்.

நல்லமுத்து, "நான் அப்படியே லைன் பக்கம் போயி கால நீட்டிட்டு வாறேன்" என்று எழுந்து போனார்.

பரிமளம் குரலை உயர்த்தவில்லை. "ஏங்க, அன்னைக்கு வீட்டுல வந்து தேத்தண்ணி குடிக்கிறேன்னது நீங்கதானா?"

"ஆமா."

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"ஒன்னப் பாத்ததும் வாயில வந்துருச்சு. முதலாளி பேசாதன்னுதான் சொல்லி அனுப்புனாரு."

"கட்டிக்கிட்டப்புறம் சொல்லியிருக்கலாம்ல."

"சொல்லத்தான் நெனச்சேன். நீ கோப்பையத் தொடச்சி வச்சிக்கிட்டு இருப்ப. நாளைக்குச் சொல்லுவோம்னு தோணும்." வீரய்யா விரல் இடுக்கைத் தேய்த்தான், காய்ந்த பசை இன்னும் அங்கே இருப்பதுபோல. "கையி என் கையிதானே புள்ள. அது பொய்யில்ல."

"அவரு கையால கையுறை வாங்குனவருன்னுதான் நான் அத்தை வீட்ட வேணாம்னு வந்தேன். எங்கம்மா சாகுற வரைக்கும் அத்தை எங்க வாசப்படி மிதிக்கல."

"நான் ஒன்ன நல்லாத்தானே வச்சிக்கிட்டேன்."

"நல்லாத்தான் வச்சிக்கிட்டீங்க" என்றாள் பரிமளம். "பக்கத்துல உக்காந்து படம் பாத்தீங்க. நான் அழுதப்ப துண்டு குடுத்தீங்க. எல்லாம் தெரிஞ்சிக்கிட்டே குடுத்தீங்க."

 வீரய்யா அடித்திருந்தால், குடித்து அழித்திருந்தால், சண்டைக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். ஒழுங்காக இருந்த மனிதனிடம் ஒரே ஒரு பொய் இருப்பது பெரிய தொந்தரவு. அதைக் கரைக்க அவனிடம் வேறு குற்றம் இல்லை. பரிமளத்தின் கோபம் அவனோடும் நிற்கவில்லை. பனிக்காகக் காத்திருந்த முதலாளி, கோட்டைக் கழட்டி எறிந்துவிட்டுத் திரும்பிப்போன நடிகர், தெரிந்துகொண்டே அவளைக் கண்டால் "கலைவேங்கை எப்படி இருக்காரு" என்று விசாரித்த தியேட்டர் பசங்க. எல்லா ஊரிலும் அப்படித்தானாம். எத்தனை ஊரில் எத்தனை கோப்பை இருக்குமோ.

மறுநாள் அவள் போகமாட்டாள் என்று வீரய்யா நினைத்தான். பரிமளம் குளித்து, தேர்ந்து வைத்த சேலையைக் கட்டி, கையுறையையும் கோப்பையையும் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டாள். வீரய்யாவும் மீனம்மாவும் பின்னால் வந்தார்கள். வழியெல்லாம் மீனம்மா, "எனக்கு வரவேண்டிய பொன்னாட" என்று மழைக்கு நடுவே சொல்லிக்கொண்டு வந்தாள். பரிமளம் திரும்பி, "இன்னைக்கு ஒனக்கு ஒரு நியாயம் கெடைக்கும்டி" என்றாள். மீனம்மாவுக்குப் புரியவில்லை. ஆனால் நியாயம் என்றதால் வேகமாக நடந்தாள்.

மேடையில் எழில்மாறனின் பெரிய படம். மாலை, ஊதுபத்தி, ஒரு குத்துவிளக்கு, தனுஷனின் பெயர் போட்ட பெரிய பதாகை. நான்கு பேர் பேசினார்கள். கலைவேங்கை நோர்வூட் மண்ணை மிதித்ததால் அது புனிதமானது என்று ஒருவர் சொன்னார். அந்த மண்ணை முதல் நாள் பெய்த மழை வாசல்வரை கொண்டுவந்திருந்தது. எல்லோரும் கால் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். பிறகு பரிமளத்தைக் கூப்பிட்டார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். தனுஷன் மைக்கை அவள் வாய்க்கு நேரே பிடித்தார்.

"அந்தக் கை எப்படி இருந்துச்சும்மா? நம்ம இளைஞர்களுக்குச் சொல்லுங்க."

பரிமளம் முன்வரிசையைப் பார்த்தாள். வீரய்யா தலையைக் குனிந்துகொண்டிருந்தான். நல்லமுத்து கழுத்தில் மாலையோடு கூரையைப் பார்த்தார்.

"அந்தக் கை அவரு கையில்ல" என்றாள். "அவரு வரவே இல்ல. பாதி வழியில திரும்பிப் போயிட்டாரு. தன் சட்டையக் கழட்டிக் குடுத்து யாரையாவது நிக்க வைங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. இங்க பனியில நின்னது போஸ்டர் ஒட்டுற ஆளு. நம்ம எல்லாரையும் ஏமாத்திட்டாங்க."

 பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். கைதட்டல் முன்னால் பரவி வந்தது.

தனுஷன் மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "பாத்தீங்களா? 'அவர் வரவில்லை'ன்னு சொல்றாங்க. அவர் போனதையே இவங்க மனசு ஏத்துக்கல. பாதி வழியில நம்மள விட்டுட்டுப் போயிட்டாருன்னு சொல்றாங்க. எப்படிப்பட்ட அன்பு பாருங்க." அவர் கண்ணையும் துடைத்துக்கொண்டார். தாத்தாவுக்குப் பனி கை கொடுத்தது. பேரனுக்குப் பனிகூடத் தேவைப்படவில்லை.

"நல்லமுத்து அண்ணனக் கேளுங்க" என்றாள் பரிமளம், மைக் இல்லாமல். "அவருதான் கையுறைய மாட்டிவிட்டாரு."

நல்லமுத்து மாலையைச் சரிசெய்தார். "எனக்குக் காது சரியாக் கேக்குறதில்ல" என்றார். முதல் முறையாக அதை அவரே ஒத்துக்கொண்டார்.

மீனம்மாதான் எழுந்து வந்தாள். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு மேடை ஓரத்துக்கு வந்து, பரிமளத்தின் முழங்கையைப் பிடித்தாள். தன் பக்கம் பேச ஒருத்தியாவது வந்தாளே என்று பரிமளம் குனிந்தாள்.

"என்னாடி பேசுற?" என்றாள் மீனம்மா. "காய்ச்சக்காரன வீட்டுல போட்டுட்டு நான் துண்டு பொறுக்குனேன். என் கையில விழ வேண்டியத நீ வாங்குன. இத்தன வருசமா அத நெனச்சு நான் சோத்தத் தின்னுட்டு இருக்கேன். இப்ப வந்து அது வீரய்யாங்கிற. அப்ப நான் எதுக்குடி வயிறெரிஞ்சேன்? சும்மா இரு."

"உண்மையச் சொல்றேன்டி."

"ஒன் உண்மைய நீயே வச்சிக்க. நான் பாத்தேன். பனிக்குள்ள அவருதான் எறங்குனாரு. என் கண்ணால பாத்தேன்."

பரிமளம் கையை விடுவித்துக்கொண்டாள். விளக்குக்கு முன்னால் வைத்திருந்த கோப்பையையும் கையுறையையும் எடுத்துப் பையில் போட்டாள். தனுஷன் தடுக்க வந்தார். கூட்டத்தில் யாரோ படம் பிடிப்பதைப் பார்த்துவிட்டு, அவளுடைய காலைத் தொட்டுக் கும்பிட்டார். அந்த இடம்தான் அன்று சாயங்காலமே எல்லோருடைய போனிலும் ஓடியது. கலைவேங்கையின் பிரிவைத் தாங்காமல் மனம் பேதலித்த மலையகத் தாய் என்று கீழே எழுதியிருந்தார்கள். துபாய்ப் பரிமளத்தின் மகன் அதைப் பார்த்துவிட்டு கீழே ஓர் அழுகை முக எமோஜி போட்டான்.

மூவரும் நடந்தே திரும்பினார்கள். மீனம்மா தன் கதவைச் சாத்திக்கொண்டாள். பனி இறங்கியிருந்தது, லயத்தின் அடுத்த முனை தெரியவில்லை. முன்னால் போன வீரய்யாவின் நடையைப் பார்த்துத்தான் அவன் என்று தெரிந்தது. அந்த நடை அவளுக்கு நன்றாகப் பழக்கம். அன்றைக்குக் காரில் இருந்து இறங்கி வந்த நடையும் இதேதான் என்று இப்போது பிடிபட்டது. கண் முன்னால் இத்தனை வருஷம் நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

வீட்டில் அடுப்பைப் பற்ற வைத்தாள். கேத்தல் கொதித்தது. கைப்பிடி சுட்டது. துணியைத் தேடினாள், பக்கத்தில் எதுவும் இல்லை. பையில் இருந்து வெள்ளைக் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு கேத்தலை இறக்கினாள். உள்ளங்கையில் கரி அப்பிக்கொண்டது.

தங்கக்கோடு போட்ட கோப்பையைக் கழுவினாள். தேத்தண்ணியை ஊற்றினாள், சீனி போட்டுக் கலக்கினாள். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த வீரய்யா கோப்பையைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். நிமோனியாவில் கேட்ட மனிதன் இன்னும் அந்த முகத்தில் இருந்தான். மெதுவாகக் கையை நீட்டினான்.

பரிமளம் நின்றபடியே குடித்தாள். ஆற அமர, கடைசி வாய் வரைக்கும் குடித்தாள்.

"எனக்கு?" என்றான் வீரய்யா.

"கேத்தல்ல இருக்கு" என்றாள். "ஒங்களுக்கு டம்ளர் இருக்குல்ல."

கையுறையைக் கழட்டி அடுப்புப் பக்கத்து ஆணியில் மாட்டினாள். கோப்பையைக் கவிழ்த்து மற்றப் பாத்திரங்களோடு வைத்தாள். வீரய்யா எழுந்து போய், வெறுங்கையால் கேத்தலைத் தொட்டு, சுட்டுக்கொண்டு, கையை உதறினான். ஆணியில் தொங்கிய கையுறையை ஒரு முறை பார்த்தான். அதை எடுக்க அவனுக்கு மனம் துணியவில்லை.